வத்தல் குடோனில் மாட்டிய படங்கள்

என் தோழி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் பார்க்கப் போனேன். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதற்குள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து என் மடியில் போட்டாள்.

"பங்குனி வரைக்கும் நீதான் பாத்துக்கிடணும். ஆபீஸ விட்டு வந்து சும்மாதான இருக்க."

"எனக்குப் படத்தப் பத்தி என்னட்டி தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேண்டாம். எல்லார்ட்டயும் பேசியாச்சு. நீ கதவத் திறந்து லைட்டப் போட்டா போதும்."

காப்பீட்டு அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இழப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்திருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள் நான். படம் என்றால் எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கும் நல்ல மேய்ப்பன் படமும், வருஷா வருஷம் மாறும் ஆலயக் காலண்டரும்தான். என் தோழிக்கோ கல்லூரிக் காலத்திலிருந்தே படம்தான் எல்லாம். ஊரில் ஒரு பல் டாக்டர், ஒரு பாத்திரக்கடைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியைகள் இரண்டு பேர் என்று சிலரைப் பிடித்து ஒரு டிரஸ்ட் ஆரம்பித்து, பேட்டையில் சும்மா கிடந்த ஒரு குடோனை வாடகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, கலைக்கூடம் என்று பலகையும் மாட்டியிருந்தாள். பலகையை யாரும் வாசித்த மாதிரி தெரியவில்லை. அந்த இடம் முன்னால் மிளகாய் வத்தல் அடுக்கி வைத்த இடம். ஆட்டோக்காரரிடம் 'வத்தல் குடோன்' என்று சொன்னால்தான் வண்டி சரியாக வந்து நிற்கும். காற்றில் ஈரம் ஏறிய நாட்களில் சுவரிலிருந்து பழைய வத்தல் நெடி கிளம்பும். படம் பார்க்க வந்தவர்கள் வரிசையாகத் தும்முவார்கள்.

அந்தப் பருவத்துக்கு மூன்று கண்காட்சிகள். நடுவே சனிக்கிழமைகளில் பாட்டு, பேச்சு, பிள்ளைகளுக்குக் களிமண் வேலை என்று ஏதாவது ஒன்று. எல்லாம் தோழி முன்பே ஏற்பாடு செய்தவை.

முதல் கண்காட்சி ஐப்பசியில். சேரன்மகாதேவியிலிருந்து கல்லூரிக்குப் போய்த் தாவரவியல் நடத்துகிற ஒருவர் ஆற்றங்கரையை மட்டுமே பல வருஷமாக நீர்வண்ணத்தில் வரைந்து வைத்திருந்தார். நாணல், மருதமரத்து வேர், வயலுக்குப் பிரியும் வாய்க்கால், மதகில் உட்கார்ந்த கொக்கு. எனக்கே பிடித்திருந்தது. ஆனால் பார்க்கத்தான் ஆள் இல்லை. திறந்த நாளில் டிரஸ்ட்காரர்களும் அவரது மாணவர்களும் வந்தார்கள். அதற்குப் பிறகு நானும் அவரும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாராவது எட்டிப் பார்த்தால் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து நிற்போம். வந்தவர் மிரண்டு, "மாவு மில்லு எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

பிறகு மழை பிடித்தது. ஒரு மத்தியானம் மேற்கூரைத் தகரத்தில் ஒரு மூலை தூக்கிக்கொள்ள, படங்கள் மாட்டியிருந்த சுவரோடு தண்ணீர் வழிய ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து நான் தனியாக இருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கு ஓடினேன். பக்கத்தில் ஒரு லேத் பட்டறை. நாள் முழுக்க இரும்பு கடையும் சத்தம் அங்கிருந்து வந்துகொண்டிருக்கும். பட்டறை அண்ணாச்சியிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லித் தோழி இரண்டு தடவை சண்டை போட்டிருக்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

என் முகத்தைப் பார்த்ததுமே அவர் மெஷினை நிறுத்திவிட்டார்.

"என்ன டீச்சர்?"

நான் டீச்சர் இல்லை என்று சொல்ல நேரமில்லை. "உள்ள ஒழுகுது அண்ணாச்சி. படமெல்லாம் நனையுது."

"ஏலே, தார்ப்பாய எடுங்கலே. ஏணியக் கொண்டாங்க," என்று உள்ளே பார்த்துச் சொன்னார். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு நாலைந்து பேர் வந்தார்கள். "கைய நல்லாத் துடச்சுட்டுத் தொடுங்க. பையப் பைய எடுங்க, கண்ணாடி," என்று அவரே வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். இரும்புச் சட்டத்தை எப்படித் தூக்குவார்களோ அப்படி ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேராகத் தூக்கி, தங்கள் பட்டறையிலேயே காய்ந்த இடத்தில் சாக்கு விரித்து அடுக்கினார்கள். ஒருவர் கூரை மேல் ஏறித் தகரத்தை இறுக்கிவிட்டு வந்தார். கடைசியில் பார்த்தால் ஒரே ஒரு படத்தின் அட்டை ஓரம்தான் நனைந்திருந்தது. அதைச் சொல்ல ஓவியருக்குப் போன் செய்தேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "ஆத்தங்கரைப் படம்தான மேடம், ஓரமா கொஞ்சம் நனஞ்சா தப்பில்ல," என்றார். அப்போதுதான் மூச்சு விட்டேன்.

ஆனால் அந்த மாத டிரஸ்ட் கூட்டத்தில் பல் டாக்டர் பேசியது மனதில் உட்கார்ந்துவிட்டது. நல்ல மனிதர். கோபமாகச் சொல்லவில்லை. "யாருக்காக இத நடத்துறோம்னே தெரியலையே. இந்தப் பருவம் முடியட்டும், பிறகு மூடுறதப் பத்தி யோசிப்போம்," என்றார். தோழி கட்டிலில் கிடக்கும்போது என் கையில் இருக்கையிலா இது மூடப்பட வேண்டும் என்று எனக்குத் தூக்கம் கெட்டது.

இரண்டாவது கண்காட்சிக்கு 'அறை' என்று பெயர். மேலப்பாளையத்தைச் சேர்ந்த ஒருவர் எடுத்த போட்டோக்கள். சவூதியில் தண்ணீர் வண்டி ஓட்டுகிறவர். முப்பது வயதிருக்கும். கேமரா ஒன்றும் கிடையாது, போன்தான். தான் படுத்த ஒவ்வொரு அறையையும், வண்டியோடு போய்த் தங்கிய முகாம் அறைகளையும் எடுத்து வைத்திருந்தார். இரண்டடுக்குக் கட்டில்கள், கட்டிலைச் சுற்றித் திரையாகக் கட்டிய போர்வை, ஜன்னல் கம்பியில் காயும் பனியன்கள், மடித்து வைத்த தொழுகை விரிப்பு, பெட்டி மேல் குழந்தையின் படம். ஒரு கல்யாண வீட்டில் அவர் போனில் இதையெல்லாம் பார்த்த என் தோழி, விடுமுறையில் அவர் ஊரில் இருக்கும் மாதங்களிலேயே கண்காட்சி வைத்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருந்தாள்.

திறந்த நாளில் வழக்கம்போல நானும் அவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். பதினொரு மணிவாக்கில் மூன்று ஆட்டோக்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. உள்ளேயிருந்து கறுப்புப் பர்தாவில் பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அவருடைய தெருப் பெண்கள். நம்ம தெருப் பையன் எடுத்த படத்தை என்னவோ சுவரில் மாட்டியிருக்கிறார்களாமே என்று பார்க்க வந்திருந்தார்கள். அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

பெண்கள் முதலில் சிரித்துப் பேசிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். பிறகு சத்தம் குறைந்தது. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் ரொம்ப நேரம் நின்றார்கள். ஒருத்தி என்னிடம் திரும்பிச் சொன்னாள்: "போன்ல பேசும்போ முகத்த மட்டும்தான் காட்டுவாவ டீச்சர். பின்னால என்ன இருக்குன்னு இன்னைக்குத்தான் பாக்கேன்."

எல்லோரும் ஆட்டோவில் ஏறிய பிறகும் ஒரு பெண் மட்டும் வரவில்லை. வெளியேயிருந்து கூப்பிட்டார்கள். "நீங்க போங்க, நான் பெறகு வாரேன்," என்றாள் திரும்பாமலே. நாற்பது வயதை ஒட்டி இருக்கும். அந்தத் தெருக்காரி இல்லை, சொந்தக்காரி ஒருத்தியோடு சேர்ந்து வந்தவள் என்று பிறகு தெரிந்தது. சமையல் மூலையைக் காட்டும் ஒரு படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒருவர் தரையில் குந்தி, பலகையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் படம். முக்கால்வாசி முதுகுதான் தெரியும். முகத்தில் தாடையும் ஒரு காதும். இடது கையில் கத்தி. வலது கை ஒரு பெரிய அலுமினியப் பானைக்குப் பின்னால் மறைந்திருந்தது.

"இது எங்கன எடுத்தது டீச்சர்?"

"சவூதிலதான். எந்த ஊருன்னு அவர்ட்ட கேக்கணும்."

"இது என் தம்பி."

இழப்பீட்டுப் பிரிவில் இருந்தவளுக்குத் தெரியும், ஆளைப் பறிகொடுத்தவர்கள் கூட்டத்தில் பார்க்கிற முதுகெல்லாம் அவர்களுடைய ஆள்தான். அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவளாகவே சொன்னாள்.

தம்பி சவூதிக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன. முதலில் வாரம் தவறாமல் பேசுவான். பிறகு ஒருநாள் நின்றது. போன் நம்பர் மாறிவிட்டது. வேலை பார்த்த இடத்தில் அவன் போய்விட்டான் என்றார்கள். அந்த நேரத்தில்தான் அவர்களுடைய வாப்பா மாரடைப்பில் இறந்தார். தெரிந்தவர்கள் மூலமாகச் சொல்லியனுப்பினார்கள். சேர்ந்ததா என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஜெயிலில் இருக்கிறான் என்றார் ஒருவர். பாலைவனத்தில் விபத்து என்றார் இன்னொருவர்.

"இப்பம் இந்தப் படத்துல குழப்பம் என்னன்னா, அவன் எடது கைக்காரன் இல்ல," என்றாள். "ஆனா காது அவன் காதுதான். மேல்மடல் உள்ள மடிஞ்சிருக்கு பாத்தியளா? எங்க வாப்பாவுக்கும் அப்படித்தான்." சுற்றிலும் ஆண்கள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தலைத்துணியை விலக்கித் தன் காதைக் காட்டினாள். மேல்மடல் ஒரு இலையின் நுனி மாதிரி உள்ளே மடிந்திருந்தது. நான் படத்தையும் அவள் காதையும் மாறி மாறிப் பார்த்தேன். அதே மடிப்பு.

டீக்கடையிலிருந்து போட்டோக்காரரைக் கூப்பிட்டு வந்தேன். அவள் கேட்டதும் அவர் முகம் மாறியது. பதிலை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அவர் பேரு எனக்குத் தெரியாதுக்கா. எல்லாரும் மாஸ்டர்னுதான் கூப்பிடுவோம். நாங்க எட்டுப் பேருக்குச் சமைப்பாரு. ஊரு ராமநாதபுரம் பக்கம்னு சொன்னாரு. ஆனா என்ட்ட ஊர்ப்பேச்சு எடுக்க மாட்டாரு, நம்ம திருநவேலி ஆளு வேற யாரும் வந்தா ஒதுங்கிப் போயிருவாரு. எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. கேக்கல."

"வலது கை என்ன ஆச்சு தம்பி?" என்று அவள் கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தார். "மிஷின்ல மாட்டிருச்சு லாத்தா. மூணு வெரலு இல்ல. நான் அங்க போறதுக்கு முன்னாலயே நடந்தது."

அவள் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அழுவாள் என்று நினைத்தேன். "உசுரோட இருக்கான்ல," என்றாள். "சமைச்சுப் போடுதான்ல எட்டுப் பேருக்கு." அதையே இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

பிறகு நம்பர் கேட்டாள். அவர் கொடுக்கத் தயங்கினார்.

"நம்பரத் தந்தா இப்பமே அடிப்பிய. அவர் எடுக்க மாட்டாரு லாத்தா. ஊருக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அந்த ரூமயும் விட்டுட்டுப் போயிருவாரு. அதுதான் எனக்குப் பயம். இந்தப் படத்துல முகம் தெரியலன்னுதான் அவர்ட்ட கேக்காம மாட்டுனேன். அதே இப்பம் உறுத்துது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒருவர் இரண்டு வருஷம் பாடுபட்டு ஒளித்ததை நாங்கள் சுவரில் மாட்டி லைட்டும் போட்டு வைத்திருக்கிறோம். படத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எடுக்காதிய," என்றாள் உடனே. "உம்மாட்ட இன்னும் சொல்ல முடியாது. இவன் பேச மாட்டேன்னுட்டா அவிய தாங்க மாட்டாவ. நான் எங்கன போயி அவனப் பாக்க?"

கடைசியில் ஒரு யோசனை சொன்னேன். போன் அடிக்க வேண்டாம். எதுவும் கேட்கவும் வேண்டாம். அந்தப் படத்தின் பக்கத்தில் அவள் நிற்க, நான் ஒரு போட்டோ எடுக்கிறேன். அதை மட்டும் இவர் தன் போனிலிருந்து அனுப்பட்டும். கூட அவள் குரலில் நாலு வார்த்தை. அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். அவள் முகத்துணியை எடுத்துவிட்டு, கல்யாண வீட்டில் நிற்பது மாதிரி கைகளைக் கோத்துக்கொண்டு படத்தின் பக்கத்தில் நின்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. குரலில் இவ்வளவுதான் சொன்னாள்: "தம்பி, லாத்தா பேசுதேன். உம்மா நல்லா இருக்காவ. யாருக்கும் உம் மேல கோவம் கெடையாது. உனக்குத் தோணும்போ பேசு."

அன்று சாயங்காலமே அவன் அதைப் பார்த்துவிட்டான் என்று போனில் தெரிந்தது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு அடுத்த நாள் போட்டோக்காரர் வந்து, அறையில் இருக்கும் நண்பரிடம் விசாரித்ததாகச் சொன்னார். மாஸ்டர் அறையில் இல்லையாம். துணிப்பையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

நாம் துரத்திவிட்டோம் என்றுதான் தோன்றியது. யோசனை சொன்னது நான். போட்டோ எடுத்தது நான். தோழியைப் பார்க்கப் போய் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

"போனவன் எங்கயோ போயி அத திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டிருப்பான்ட்டி," என்றாள். "படத்த மட்டும் எடுத்துராத."

கண்காட்சி அதுபாட்டுக்கு நடந்தது. நடந்தது என்ன, கூட்டம் நெரிந்தது. அந்த மூன்று ஆட்டோப் பெண்கள் ஊருக்குள் சொல்லியிருக்க வேண்டும். மேலப்பாளையத்திலிருந்து மட்டும் இல்லை, ஏர்வாடியிலிருந்தும் களக்காட்டுப் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். விடுமுறையில் வந்திருந்த ஆண்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்து, "வாப்பா மேல் கட்டில்ல படுப்பேன், இந்த மாதிரி," என்று விரலால் காட்டினார்கள். ஒரு பெரியவர் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, மூட்டைப்பூச்சி எங்கே, அதைக் காணோமே என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பல் டாக்டர் வந்து, உட்கார இடம் இல்லாமல் சுவரோரம் நின்றுகொண்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் எதிர்பார்த்தது இதைத்தான். ஆனாலும் சந்தோஷப்பட முடியவில்லை. தினமும் மூன்று மணிக்கு மாஸ்டரின் அக்கா வருவாள். பீடி சுற்றும் வேலையை முடித்துவிட்டு, விரல்களில் இலை வாசனையோடு. படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள். வேறு பெண்கள் ஏதாவது கேட்டால் மற்ற படங்களை அவளே விளக்குவாள். என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டாள். நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இசை நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வயலின் ஆசிரியையும் அவரிடம் படிக்கும் பெண்களும் வாசிப்பதாக ஏற்பாடு. அறைகளின் படங்களுக்கு நடுவிலேயே ஜமுக்காளம் விரித்தோம். பட்டறை அண்ணாச்சி தானாகவே வந்து, "ஆறு மணிக்கு மெஷின நிப்பாட்டிருதேன் டீச்சர்," என்று சொல்லிவிட்டு, தன் ஆட்களோடு சட்டை மாற்றிக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். அவளும் வந்திருந்தாள். தூணோரமாக உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது உருப்படி பாதியில் இருக்கும்போது அவள் போன் அடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்படியே எழுந்து முற்றத்துக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். நான் போகும்போது அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். "அலோ, அலோ" என்றாள். அந்தப் பக்கம் பேச்சு இல்லை போலிருக்கிறது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே வயலின் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு அவள் கையை எடுத்துவிட்டு, வீட்டில் பக்கத்தில் இருப்பவனிடம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"எடது கையால வெங்காயம் வெட்டுதியே, எப்பம்லே படிச்ச?"

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. எனக்கே கேட்டது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிய, கேட்டுக்கொண்டே தலையாட்டினாள். பிறகு போனைக் கொஞ்சம் விலக்கி என்னிடம் சொன்னாள்: "இருக்க வெரலையும் ரெண்டு தடவ வெட்டிக்கிட்டானாம் டீச்சர்."

நான் அங்கே நிற்காமல் உள்ளே வந்துவிட்டேன். காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, என்ன வாசிக்கிறார்கள் என்றே தெரியாமல் கடைசி வரை கேட்டேன். நெஞ்சிலிருந்து ஒரு பாரத்தை யாரோ கைகொடுத்து இறக்கி வைத்த மாதிரி இருந்தது. முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன்.

அவன் எங்கேயும் ஓடிப்போகவில்லை. அதைப் பிறகு அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கம்பெனியில் தூரத்து வேலைத்தளம் ஒன்றுக்குச் சமையல் செய்ய அனுப்பியிருக்கிறார்கள். அங்கே சிக்னல் சரியாகக் கிடைக்காது. ஆனால் கிடைத்திருந்தாலும் உடனே பேசியிருக்க மாட்டேன் என்று அவனே அவளிடம் சொல்லியிருக்கிறான். கை போனபோது, கட்டுப் பிரிக்கட்டும், பிறகு வீட்டுக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டிருக்கிறான். கட்டுப் பிரிப்பதற்குள் வாப்பா இறந்த செய்தி யாரோ சொல்லி வந்துவிட்டது. அப்போது பேசாதவன் அடுத்த வாரம் எந்த முகத்தோடு பேசுவது என்று இருந்துவிட்டான். அடுத்த மாதம் இன்னும் கஷ்டமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றுமே இல்லை. இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குத் தெரிந்தவர்களிலேயே இப்படி ஒரு நாள் தள்ளிப்போட்டு, வருஷக்கணக்கில் பேசாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

கண்காட்சி முடிந்து போட்டோக்காரர் சவூதிக்குத் திரும்பினார். போகும்போது, மாஸ்டருக்கு அவருடைய உம்மா கொடுத்ததாக ஒரு பெரிய பொட்டலம் கொண்டுபோனார். தம்பியின் ஊர் திரும்பும் காகிதங்கள் சரியாவதற்குள் மாசி வந்துவிட்டது. ஒருநாள் காலையில் எனக்குப் போன் வந்தது. அவள்தான். பின்னால் ஒரே இரைச்சல்.

"திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல நிக்கோம் டீச்சர். வந்துட்டான். உம்மா அவன் கையப் பிடிச்ச பிடிய விடவே மாட்டேங்காவ. கார்ல ஏத்த முடியல."

நான் வீட்டுச் சமையலறையில் நின்று அதைக் கேட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது கண்காட்சி அப்போது நடந்துகொண்டிருந்தது. ஓவியக் கல்லூரி மாணவிகள் பக்கத்துப் பட்டறையில் கடைந்து விழும் இரும்புச் சுருள்களையும் தேய்ந்த பல்சக்கரங்களையும் வாங்கி, பறவைகளும் மீன்களும் செய்திருந்தார்கள். தன் பட்டறைக் கழிவு மயிலாக நிற்பதைப் பார்க்க அண்ணாச்சிக்குப் பெருமை. டீ நேரம் பூராவும் எங்கள் குடோனில்தான். கூட்டமும் குறையவில்லை. வந்து பழகிவிட்டவர்கள் அடுத்தது என்ன என்று கேட்டு வந்தார்கள். மூடுவதைப் பற்றிய பேச்சு அந்த மாதக் கூட்டத்தில் எழவே இல்லை. கூரைத் தகரத்தை மழைக்கு முன்னால் முழுவதும் மாற்றிவிட வேண்டும் என்று பல் டாக்டர்தான் முதலில் சொன்னார்.

அவன் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அக்காவோடு வந்தான். மெலிந்த ஆள். தலையில் தொப்பி. வலது கையைப் பேண்ட் பைக்குள் விட்டிருந்தான். வணக்கம் சொல்லக்கூட எடுக்கவில்லை. "உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்," என்றான் மெதுவாக. நான் அப்படியெல்லாம் இல்லை என்றேன். அவன் இரும்பு மயிலைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டறை அண்ணாச்சிக்கு யார் என்ன என்று ஒன்றும் தெரியாது. புது ஆள் வந்து ரசித்துப் பார்க்கிறானே என்று பக்கத்தில் போனார்.

"இந்தத் தோகை பூராவும் நம்ம லேத்துல விழுந்த சுருளு வே. பாத்துத் தொடும், கைய அறுத்துரும். நமக்கு ஏற்கெனவே ஒண்ணு போயாச்சு," என்று சொல்லி, நுனி இல்லாத தன் ஆள்காட்டி விரலைச் சாதாரணமாகத் தூக்கிக் காட்டினார்.

அவன் அந்த விரலைப் பார்த்தான். பிறகு பேண்ட் பையிலிருந்து தன் கையை வெளியே எடுத்தான்.

அண்ணாச்சி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொருளைச் சோதிப்பது மாதிரி. "பவர் பிரஸ்ஸா?"

"ஆமா அண்ணாச்சி."

"நல்லாத்தான் தச்சிருக்கான். பெருவெரலு இருக்குல்லா, எல்லா வேலையும் செய்யலாம். இப்பம் என்ன செய்யுதீரு?"

"சமையல்."

"அப்பம் சரி. டீ குடிக்கீரா?"

இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். நானும் அவளும் உள்ளே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். டம்ளரை அவன் வலது கையில் வாங்கி, பெருவிரலுக்கும் மீதி இருந்த விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டான். அண்ணாச்சி ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். அவள் பெருமூச்சு விட்டாள்.

"ஊருக்கு வந்ததுல இருந்து இன்னைக்குத்தான் டீச்சர் இப்படிச் சிரிக்கான்," என்றாள். பிறகு உம்மா காத்திருப்பாவ, பிரியாணிக்கு அரிசி ஊறப் போட வேண்டும், இன்றைக்கு அவன்தான் சமைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே அவனைக் கூப்பிட வெளியே போனாள்.